ஆறாம் மாதத்துக் கஞ்சி

எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 240 மில்லிதான் கொள்ளும். உடல் எடையில் கிலோவுக்கு 30 கிராம் என்று ஊட்டச்சத்து நிபுணர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் மேலே. அந்தச் சின்ன இடத்துக்குள் என்ன போகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆறாம் மாதம் முதல் இரண்டு வயது வரை குழந்தையின் எடையும் உயரமும் ஏறுகின்றன. வீட்டில் குழந்தைக்கு உணவு செய்வதைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் எதைச் சேர்ப்பது என்றுதான் பேசுகிறோம். கேழ்வரகா, பாசிப்பருப்பா, பாதாமா, நேந்திரங்காய்ப் பொடியா? தண்ணீர் எவ்வளவு என்ற கேள்வி எழுவதே இல்லை. குழந்தைக் கஞ்சியின் தரத்தைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி அதுதான் என்பதால், இந்த அத்தியாயத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 முதல் 70 கலோரி இருக்கிறது. கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 320 கலோரி. ஒரு டம்ளர் தண்ணீரில், அதாவது 200 மில்லியில், 10 கிராம் மாவைக் கரைத்துக் காய்ச்சினால் குழந்தை எளிதாகக் குடிக்கும்படி ஒரு கஞ்சி கிடைக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் முதலில் கொடுப்பது இந்தப் பதத்தில்தான். அந்த டம்ளர் முழுவதிலும் இருப்பது 32 கலோரி. 100 மில்லிக்கு 16. தாய்ப்பாலில் இருப்பதில் கால் பங்கு.

ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலில் கிடைப்பது போக, ஒரு நாளைக்கு இன்னும் 200 கலோரி வேண்டும். ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் அது 300 ஆகிறது. ஒரு வயதுக்கு மேல் 550. மேலே சொன்ன கஞ்சியிலிருந்து 200 கலோரி எடுக்க வேண்டுமானால் குழந்தை ஒன்றே கால் லிட்டர் குடிக்க வேண்டும். வயிறு முட்ட ஐந்து முறை. தாய்ப்பாலும் குடித்துக்கொண்டு இதையும் குடிப்பது எந்தக் குழந்தைக்கும் நடக்கிற காரியமில்லை. நடப்பது வேறு. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புகிறது, குழந்தை பால் குடிப்பதைக் குறைக்கிறது, குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறைகிறது. 67 கலோரி இருந்த இடத்தில் 16 கலோரி வந்து உட்கார்கிறது. குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, நன்றாகத் தூங்குகிறது, எடை மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. சாதம் வடித்த கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் இதே கணக்கில்தான் வருகின்றன. அவற்றில் சத்தெல்லாம் இறங்கியிருக்கிறது என்று நம்பிக் கொடுக்கிறோம். சத்தில் பெரும்பகுதி சாதத்திலும் பருப்பிலும்தான் தங்கியிருக்கிறது.

அப்படியானால் மாவைக் கூட்டிப் போட்டால் போயிற்று என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். அதே 200 மில்லிக்கு 20 கிராம் போட்டால் கஞ்சி கரண்டியில் ஒட்டும். 30 கிராம் போட்டால் களி. நேற்றுவரை பாலைத் தவிர வேறொன்றும் அறியாத நாக்கு அதை உருட்டி விழுங்க முடியாமல் வெளியே தள்ளும். அம்மா கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இளக்குகிறாள். அவள் செய்வதில் தவறே இல்லை. கையில் இருக்கும் மாவு அவளை அந்த இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதற்குக் காரணம் மாவுச்சத்தின் இயல்பு. தானியத்துக்குள் மாவுச்சத்து கண்ணுக்குத் தெரியாத மணிகளாக அடைந்து கிடக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் அவை கரைவதில்லை. சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மணிகள் தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்புகின்றன. உள்ளே சுருண்டிருந்த நீளமான குளுக்கோஸ் சங்கிலிகள் பிரிந்து வெளியே வந்து, ஒன்றோடொன்று பின்னித் தண்ணீரைச் சிறைப்பிடிக்கின்றன. கஞ்சி கெட்டியாவது இதனால்தான். கொஞ்சம் மாவு நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு இது வசதி, கூழும் களியும் நெடுநேரம் பசி தாங்கும். சிறு வயிற்றுக்கு இதுவே தடை. 1970களிலும் 80களிலும் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் இதைத் தனிப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். ஏழை நாடுகளில் தானியக் கஞ்சியை நம்பி வளரும் குழந்தைகள் மெலிவதற்கு உணவின் பருமனும் ஒரு காரணம் என்பது அவர்கள் கண்டது. வீட்டில் தானியம் இருக்கிறது, குழந்தையும் சாப்பிடுகிறது, ஆனால் வயிற்றில் இடமில்லை.

விடை தானியத்துக்குள்ளேயே இருந்தது.

விதைக்குள் ஒரு குழந்தை

கேழ்வரகை ஊறவைத்தால் முதலில் விழித்துக்கொள்வது அதன் ஓரத்தில் இருக்கும் கரு. அது வளர வேண்டும், வேர் விட வேண்டும். இலை விட்டு வெயிலில் தானே உணவு தயாரிக்கும்வரை அதற்குச் சாப்பாடு வேண்டும். விதை நிறைய மாவுச்சத்து இருக்கிறது, ஆனால் அந்த வடிவில் கருவால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. தண்ணீர் உள்ளே போனதும் கரு ஜிப்பெரலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது மாவுப் பகுதியைச் சுற்றியிருக்கும் மெல்லிய செல் அடுக்குக்குப் போய்ச் சேர்கிறது. பார்லியில் மிக விரிவாக ஆராயப்பட்ட நிகழ்வு இது. அந்த அடுக்கு உடனே நொதிகளைத் தயாரித்து மாவுக்குள் அனுப்புகிறது. அவற்றில் முக்கியமானது ஆல்ஃபா அமைலேஸ். நீளமான மாவுச்சத்துச் சங்கிலியை நடுவில் வெட்டுவது அதன் வேலை. வெட்டி வெட்டிச் சிறு துண்டுகளாக்கி, கடைசியில் கரு உறிஞ்சக்கூடிய சர்க்கரையாக மாற்ற வழி செய்கிறது. விதை தன் குழந்தைக்குத் தானே உணவு தயாரித்துக்கொள்கிறது என்றே சொல்லலாம்.

நாம் அந்த வேலையைப் பாதியில் நிறுத்தி, நொதி நிறைந்த நிலையில் தானியத்தை உலர்த்தி அரைத்துவிடுகிறோம். முளைகட்டிய மாவு என்பது இதுதான். இந்த மாவைக் காய்ச்சும்போது நடப்பது கண்ணால் பார்க்கக்கூடியது. அடுப்பில் ஏறிய கஞ்சி முதலில் வழக்கம்போலக் கெட்டியாகத் தொடங்கும். கரண்டி இழுபடும். சிறு தீயில் விடாமல் கிண்டினால், கொதி வருவதற்கு முன்பே அது திடீரென்று இளகும். யாரோ தண்ணீர் ஊற்றியதைப் போல ஓடும். 60 டிகிரியில் மாவுச்சத்து மணிகள் உப்பித் திறக்கின்றன. அமைலேஸும் அந்த வெப்பநிலையில்தான் மிகத் துடிப்பாக வேலை செய்கிறது. நீண்ட சங்கிலி ஒவ்வொன்றிலும் நடுவே ஒன்றிரண்டு வெட்டு விழுந்தால் போதும், பின்னல் குலைந்து, சிறைப்பட்ட தண்ணீர் விடுபட்டுவிடும். 80 டிகிரிக்கு மேல் போகும்போது நொதி சிதைந்துவிடுகிறது. கொதிக்கும் நேரத்தில் அது இல்லை, அதன் வேலையும் முடிந்திருக்கிறது.

பலன் என்ன? சாதாரண மாவில் 5 முதல் 10 கிராம் வரை தாங்கும் 100 மில்லி தண்ணீர், நன்றாக முளைகட்டிய மாவில் 20 கிராம் வரை தாங்குகிறது, அதுவும் குழந்தை விழுங்கக்கூடிய பதத்தில். 100 மில்லிக்கு 64 கலோரி. தாய்ப்பாலுக்கு ஈடு. அந்த 200 கலோரிக்கு இப்போது ஒன்றே கால் லிட்டர் தேவையில்லை, 300 மில்லி சொச்சம் போதும். இரண்டு வேளை, முக்கால் வயிற்றுக்கும் குறைவு. மீதி இடம் தாய்ப்பாலுக்கு.

இந்த வயதில் இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸைக் கணையம் முதல் ஆறு மாதங்களில் மிகக் குறைவாகவே சுரக்கிறது. உமிழ்நீரில் கொஞ்சம் இருக்கிறது, தாய்ப்பாலிலும் கொஞ்சம் வருகிறது. குடல் இன்னும் பழகிக்கொண்டிருக்கும் இந்தப் பருவத்தில், பாதி வெட்டப்பட்ட மாவுச்சத்து அதன் சுமையைக் குறைக்கிறது.

லீபிக்கிலிருந்து மைசூர் வரை

முளைத்த தானியத்தின் இந்தக் குணத்தைக் குழந்தை உணவில் அறிவியல்பூர்வமாக முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக். 1860களின் நடுவில் அவர் வெளியிட்ட குழந்தைக் கஞ்சியில் கோதுமை மாவு, முளைகட்டிய தானிய மாவு, பசும்பால், சிறிது பொட்டாசியம் பைகார்பனேட் ஆகியவை இருந்தன. தாய்ப்பாலுக்கு மாற்று கண்டுபிடித்துவிட்டதாக அவர் நம்பினார். அது தவறு. தாய்ப்பாலில் இருக்கும் எதிர்ப்புப் பொருள்களைப் பற்றியோ வைட்டமின்களைப் பற்றியோ அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் முளைமாவு கஞ்சியை இளக்கும் என்று அவர் கண்டது சரி. இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஹார்லிக் சகோதரர்கள் 1873-ல் தொடங்கிய தொழிலும் முளைகட்டிய தானியத்தில் செய்த குழந்தை உணவில் ஆரம்பித்ததுதான். இன்று நம் அலமாரிகளில் நிற்கும் மால்ட் பானங்களின் வம்சாவளி அங்கே போய்ச் சேர்கிறது.

பிறகு நூறு ஆண்டுகள் இந்த அறிவு தொழிற்சாலைகளுக்குள்ளேயே இருந்தது. அதை வீட்டு அடுப்புக்குத் திருப்பிக் கொண்டுவந்ததில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே எச்.எஸ்.ஆர். தேசிகாச்சாரும் என்.ஜி. மல்லேஷியும் கேழ்வரகு, சோளம், பாசிப்பயறு ஆகியவற்றை முளைகட்டி, அவை கஞ்சியின் பருமனை எப்படிக் குறைக்கின்றன என்று அளந்தார்கள். ஸ்வீடன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர்கள் செய்த ஆய்வு 1981-ல் வெளியானது. சிறுதானியங்களில் கேழ்வரகின் அமைலேஸ் திறன் மிகச் சிறந்தது என்பது அவர்களுடைய ஆய்வுகளில் தெளிவாயிற்று. நம் ஊர்ப் பாட்டிகள் குழந்தைக்குக் கேழ்வரகைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் தலைமுறைகளின் கூர்ந்த கவனிப்பு இருந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அதே காலத்தில் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் இன்னொரு எளிய வழியைக் காட்டினார். மாவு முழுவதையும் முளைகட்ட வேண்டியதில்லை. வழக்கமான கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சிக்கொண்டு, அதில் மிகச் சிறிதளவு முளைமாவைக் கலந்தாலே முழுக் கஞ்சியும் இளகிவிடுகிறது. நொதி தீர்ந்துபோவதில்லை, ஒரே மூலக்கூறு மறுபடி மறுபடி வெட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் இது சாத்தியம். தான்சானியாவில் கிமேயா என்ற பெயரில் இதே முளைமாவைத் தாய்மார்களிடம் கொண்டுபோனார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முளைமாவுக் கஞ்சியில் குழந்தைகள் ஒரு வேளைக்கு அதிகக் கலோரி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. எடையும் உயரமும் எல்லா இடங்களிலும் அதே அளவுக்கு ஏறியதாகச் சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கு அடிக்கடி வரும் வீட்டில், பருப்பும் முட்டையும் காணாத வீட்டில், கஞ்சியின் பதத்தை மட்டும் மாற்றிக் குழந்தையைத் தேற்ற முடியாது.

துணி, வெயில், வாணலி

கேழ்வரகை மூன்று நான்கு தண்ணீரில் அலசிக் கல் அரித்து, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் தண்ணீரை ஒட்ட வடித்து, ஈரமான பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி வையுங்கள். துணி காயாமல் அவ்வப்போது தெளித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அமைலேஸ் நன்றாகச் சேர இன்னொரு நாள் தேவை. இரண்டாம் நாள் முடிவில் பிரித்தால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, தானியம் அடையாகத் திரண்டிருக்கும். முகர்ந்து பாருங்கள். பச்சை வாசனை வர வேண்டும். புளித்த வாடையோ பூசணமோ துளி தெரிந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். பூசணம் விடும் நஞ்சுகள் சில, காய்ச்சினாலும் வறுத்தாலும் முழுமையாகப் போவதில்லை. சத்துமாவில் சேர்க்கும் நிலக்கடலையைப் பொறுக்கி, சுருங்கியதையும் கறுத்ததையும் எறிய வேண்டும் என்பதும் இதனால்தான். அஃப்லடாக்சின் என்ற நஞ்சு கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும்.

முளைகட்டியதை மெல்லிய படலமாகப் பரப்பி வெயிலில் சலசலவென்று காயவையுங்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் வேர்கள் உதிரும், புடைத்து எடுத்துவிடலாம்.

அடுத்து வறுப்பது. நம் சத்துமாவுச் செய்முறைகளில் பெரும்பாலானவை ஒரு பெரிய விஷயத்தை இழப்பது இந்த இடத்தில்தான். இரண்டு நாள் காத்திருந்து முளைகட்டிய கேழ்வரகை, வாசம் தூக்கும்வரை, நிறம் மாறும்வரை வறுத்துவிடுகிறோம். மணம் அருமையாக இருக்கிறது, மாவும் கெடாமல் இருக்கிறது. ஆனால் கஞ்சியை இளக்க வேண்டிய நொதி வாணலியிலேயே முடிந்துபோகிறது. அந்த மாவில் காய்ச்சினால் சாதாரண மாவைப் போலவே கெட்டியாகும். பழையபடி தண்ணீர் ஊற்ற வேண்டும். நன்றாக உலர்ந்த தானியத்தில் நொதி மிதமான சூட்டைத் தாங்கும். கை வைத்தால் சுடுகிற அளவுக்கு, சிறு தீயில் லேசாகப் புரட்டி இறக்கினால் போதும். பருப்பையும் கடலையையும் தனியாக, வேண்டிய அளவுக்கு நன்றாக வறுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு வறுப்பு நல்லது. கிருமியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கஞ்சியைக் கொதிக்கவைக்கத்தானே போகிறோம்.

மாவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கடையில் வாங்கிய சாதாரணக் கேழ்வரகு மாவையும் உங்கள் மாவையும் இரண்டு பாத்திரங்களில், ஒரே அளவு தண்ணீரில், ஒரே அளவு போட்டுக் காய்ச்சுங்கள். ஒன்று கரண்டியில் நிற்க, மற்றொன்று வழிந்தால் நொதி உயிரோடு இருக்கிறது.

காய்ச்சும்போது மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் வையுங்கள். விரல் பொறுக்காத சூடு வந்ததும், கொதி வருவதற்கு முன், தீயை இன்னும் தணித்து ஐந்து நிமிடம் கிண்டிக்கொண்டே இருங்கள். இளகியதும் தீயைக் கூட்டி நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். 100 மில்லித் தண்ணீருக்கு 20 கிராம் மாவை இலக்காக வையுங்கள். அரிசிக் கஞ்சியோ ரவைக் கஞ்சியோ காய்ச்சுகிறவர்கள் கோபால்தாஸின் வழியைப் பின்பற்றலாம். கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கி இன்னும் நல்ல சூடாக இருக்கும்போது ஒரு தேக்கரண்டி முளைமாவைத் தூவிக் கிளறி, இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி விடுங்கள். அந்த இரண்டாம் கொதி கட்டாயம். முளைகட்டும் ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் கிருமிகளும் பெருகியிருக்கும், பச்சை முளைமாவை அப்படியே கொடுக்கக் கூடாது.

இதில் ஒரு குழப்பம் வரும். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பதமே சரி என்று மருத்துவர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் சொல்வார்கள். சாதாரணக் கஞ்சிக்கு அது மிகச் சரியான அளவுகோல். முளைமாவுக் கஞ்சிக்கு அது பொருந்தாது, இது சத்தாக இருந்தும் வழியும். எனவே கண்ணை நம்பாமல் மாவை அளந்து போடுங்கள்.

கேழ்வரகுப் பால் எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊறிய கேழ்வரகை அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்து, பாலை மட்டும் காய்ச்சும் முறை நம்மிடம் பரவலாக இருக்கிறது. சக்கையோடு தவிடும் துவர்ப்பும் நீங்குவதால் இளங்குடலுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் கேழ்வரகுக்குப் பெயர் வாங்கித் தந்த கால்சியம், 100 கிராமுக்கு 340 முதல் 360 மில்லிகிராம், அதன் மேலுறையில்தான் அதிகம். பிழிந்த சக்கையில் கணிசமான பகுதி போய்விடுகிறது. சிலர் பாலைத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடியில் படிந்ததை எடுத்துக்கொள்வார்கள். முளைகட்டிய கேழ்வரகில் எடுத்த பாலானால், தண்ணீரில் கரையக்கூடிய அமைலேஸும் அந்தத் தெளிவோடு வாய்க்காலில் போகும். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குப் பால் எடுத்துக் கொடுங்கள், தவறில்லை. அதன் பிறகு முழு மாவுக்கு மாறிவிடுவது நல்லது.

கஞ்சியில் இல்லாதது

கேழ்வரகுக் கஞ்சி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் ஒரு குறை நிற்கிறது, இரும்பு. நிறை மாதத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து இரும்பைச் சேமித்துக்கொண்டுதான் வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதம் வரை வரும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, நன்றாக உறிஞ்சப்பட்டாலும் அளவு போதாது. உடல் வளர வளர ரத்தம் கூடுகிறது. மூளை தன் இணைப்புகளை மும்முரமாகக் கட்டிக்கொண்டிருக்கும் பருவம் வேறு. இந்த நேரத்தில் ஏற்படும் இரும்புக் குறைபாடு கற்கும் திறனைப் பாதிக்கிறது, பின்னால் இரும்பு கொடுத்தாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதற்கில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 57 சதவீதம். இவ்வளவு மருத்துவ வசதியும் அங்கன்வாடியும் உள்ள மாநிலத்தில் இந்த எண் எனக்கு ஆறாத வருத்தம்.

கேழ்வரகில் இரும்பு இருக்கிறதே என்று கேட்கலாம். 100 கிராமில் 4 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆனால் தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலமும் துவர்ப்புப் பொருள்களும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாமல் செய்கின்றன. முளைகட்டும்போது ஃபைட்டேஸ் என்ற நொதி அந்தப் பிடியை ஓரளவு தளர்த்துகிறது. வைட்டமின் சி இன்னும் உதவும். மசித்த கொய்யாவோ ஆறிய கஞ்சியில் சில துளி எலுமிச்சைச் சாறோ ஆரஞ்சுச் சாறோ நல்ல துணை. அப்படியும் தானியத்தை மட்டும் நம்பி இரும்புத் தேவையைச் சமாளிக்க முடியாது. அசைவம் உண்ணும் வீடுகளில் ஏழாம் மாதத்திலேயே வேகவைத்து மசித்த கறி, முள் நீக்கிய மீன், வாரம் ஒருமுறை சிறு துண்டு ஈரல் கொடுக்கலாம். பல் முளைக்கட்டும் என்று ஒரு வயது வரை தள்ளிப்போடுவதுதான் நம் வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஆறு மாதத்திலிருந்தே மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றில் ஏதாவது தினசரி உணவில் இருக்க வேண்டும் என்கிறது. சைவ வீடுகளில் பருப்பின் பங்கைக் கூட்டுங்கள், மூன்று பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு சேர்த்தால் தானியத்தில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலமும் ஈடாகிறது. எந்த வீடானாலும், ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை ஒரு மில்லி வீதம் அரசு தரும் இரும்புச் சத்து சிரப்பை வாங்கிக் கொடுங்கள். அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. மலம் கறுக்கிறது என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது இரும்பின் நிறம்.

நெய்யோ நல்லெண்ணெயோ ஒரு தேக்கரண்டி சேர்த்தால் 45 கலோரி கூடுகிறது, கஞ்சியின் அளவு கூடாமலே. உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். முளைமாவில் மாவுச்சத்து வெட்டுப்பட்டு மால்ட்டோஸ் உண்டாவதால் கஞ்சி தானாகவே லேசாக இனிக்கும், குழந்தைக்கு அதுவே ருசி.

தேன் கூடவே கூடாது. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கும்போது தேன் தொட்டு வைப்பது நம்மிடம் இன்னும் இருக்கிறது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கின்றன. குழந்தை துவண்டு, உறிஞ்சிக் குடிக்க முடியாமல், மூச்சு விடவே சிரமப்படும். 1976-ல் கலிஃபோர்னியாவில்தான் இந்த நோய் தனியாக அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன் காரணம் தெரியாமலே போயிருக்கக்கூடிய குழந்தைகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

கஞ்சி ஆறிய பிறகு

காம்பியாவில் கெனேபா என்ற கிராமத்தில் 1970களில் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர்கள் குழந்தைக் கஞ்சியைச் சமைத்த உடனும் சில மணி நேரம் கழித்தும் எடுத்துச் சோதித்தார்கள். தாய்மார்கள் காலையில் காய்ச்சி வைத்துவிட்டு வயலுக்குப் போவார்கள், வீட்டில் இருப்பவர்கள் நாள் முழுவதும் அதிலிருந்தே ஊட்டுவார்கள். நேரம் ஆக ஆகக் கிருமிகள் தாறுமாறாகப் பெருகியிருந்தன, மழைக்காலத்தில் இன்னும் மோசம். தாய்ப்பால் மட்டும் குடித்தவரை நன்றாக வளர்ந்த குழந்தைகள், கஞ்சி தொடங்கியதும் வயிற்றுப்போக்கில் மெலிந்ததன் காரணம் அதில் தெரிந்தது. நம் ஊர் வெயிலுக்கும் இது அப்படியே பொருந்தும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். காய்ச்சிய கஞ்சியை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள். குழந்தை வாய் வைத்த கிண்ணத்தில் மீந்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவே கூடாது, எச்சிலில் உள்ள அமைலேஸ் கஞ்சியை நீர்க்கச் செய்யும், கிருமியும் சேரும். பாலாடை, சங்கு, பால் புட்டி எதுவும் வேண்டாம். கிண்ணமும் கரண்டியும் போதும், தேய்த்துக் கழுவ எளிது. ஊட்டுகிறவரின் கையையும் குழந்தையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எட்டு, ஒன்பது மாதத்தில் கஞ்சியை விட்டு வெளியே வர வேண்டும். குழந்தை நாக்கைப் பக்கவாட்டில் அசைத்து மெல்லக் கற்றுக்கொள்ளும் காலம் அது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவைப் பார்த்த குழந்தைகள் பின்னாளில் சாப்பிட அதிகம் அடம்பிடித்தது தெரிந்தது. மிக்ஸியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கையால் மசியுங்கள். குழைந்த பருப்பு சாதம், இட்லி, வெந்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், முட்டை எல்லாம் வரட்டும். ஒரு காய் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் எட்டு பத்து முறையாவது, வேறுவேறு நாள்களில், கட்டாயப்படுத்தாமல் கொடுத்துப் பாருங்கள். நிலக்கடலையைப் பயந்து தள்ளிவைக்கத் தேவையில்லை. 2015-ல் லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கும் முதல் வயதிலேயே கடலை கொடுக்கத் தொடங்கியபோது கடலை ஒவ்வாமை பெருமளவு குறைந்தது. கரப்பான் கடுமையாக உள்ள குழந்தையானால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். கடலையை எப்போதும் நைசாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். முழுக் கடலை, திராட்சை, பச்சை கேரட் துண்டு எல்லாம் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

உங்கள் கஞ்சி சரியாக இருக்கிறதா என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டியது தராசு. 1980-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைகளைத் தேடிச் சத்துணவு கொடுத்தது. அந்தப் பழக்கம் இன்றும் அங்கன்வாடிகளில் தொடர்கிறது, வசதியான வீடுகள்தான் அங்கே போவதில்லை. மாதம் ஒருமுறை எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வையுங்கள். கோடு மேலே ஏறினால் உங்கள் அளவு சரி. அடுத்தடுத்து இரண்டு மாதம் ஏறாமல் படுத்துக் கிடந்தால், மாவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் நல மருத்துவரிடம் போங்கள்.